முகப்புக்குப் பின்னால் ஒரு கொடி

காலை ஆறரை மணிக்கு மூன்றாம் மாடி ஜன்னல் கம்பிகளிலிருந்து துணிகளை உருவி எடுப்பது கொடியக்காவின் வேலை. ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிவர ஆரம்பிப்பதற்குள் முப்பத்திரண்டு ஜன்னல்களும் மொட்டையாக இருக்க வேண்டும். காய்ந்தது இடது தோளில், ஈரம் வலது தோளில், குழந்தைத் துணி கக்கத்தில் என்று அவள் நடைவழியில் வரும்போது ஆள் தெரியாது. துணி தானாக நடந்து வருவது போலத்தான் இருக்கும். எந்தத் துணி எந்தக் கட்டிலுக்கு உரியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்ததை மடித்து அந்தந்தக் கட்டிலின் கால்மாட்டில் வைப்பாள். மடிப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதறல். ஒன்று தூசிக்கு, இன்னொன்று சுருக்கத்துக்கு. மூன்றாவது உதறலுக்கு நேரம் கிடையாது.

ஜன்னல்களுக்கு மேலே, 'இங்கே துணி காயப்போடாதீர்' என்று பலகை அடித்திருந்தார்கள். தினமும் முதல் துணி அந்தப் பலகையின் ஆணியில்தான் தொங்கும். ஆணி நல்ல ஆணி.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது சம்பளப் பதிவேட்டோடு சரி. டாக்டரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் அவள் கொடியக்காதான். துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். கையின்கீழ் ஒன்பது பேர். துணி எடுக்கும் வேலையை அவர்களில் யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. மற்றவர்கள் எடுத்தால் சுருட்டிப் போட்டுவிடுவார்கள் என்று வீட்டில் கணவரிடம் சொன்னாள்.

"என் சட்ட ஒரு வாரமா நாற்காலியில சுருண்டு கெடக்கு. அது எந்த வார்டு?" என்று அவர் கேட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளோடு பேசிப் பழகியதில் எதற்கும் ஒரு எதிர்க்கேள்வி கைவசம் வைத்திருப்பார்.

துணி விஷயத்தில் அவள் பட்டவள். இருபத்துநான்கு வயதில், கல்யாணமான இரண்டாவது வருஷம், மாமியார் இடுப்பெலும்பு முறிந்து இதே மூன்றாம் மாடியில் ஐம்பத்தெட்டு நாள் கிடந்தாள். துணைக்கு மருமகள். மாற்றுத் துணி இரண்டு செட். குளியலறையில் துவைக்கலாம், காயப்போட இடம் கிடையாது. கதவுக்குப் பின்னால் மாட்டினால் நர்ஸ் எடுத்து எறிந்தாள். கட்டிலுக்கு அடியில் விரித்தால் நாறியது. கடைசியில் ஈரத்தை உடம்பிலேயே போட்டு உடம்புச் சூட்டில் காயவைத்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. மாமியாரைப் பார்க்க வந்த டாக்டர் மருமகளுக்கும் சேர்த்து மாத்திரை எழுதினார்.

"எனக்கு இடுப்பு, உனக்கு நெஞ்சு. வீட்டுல மிச்சம் அவன் ஒருத்தன்தான். அவனையும் வந்து படுக்கச் சொல்லு" என்றாள் மாமியார். அந்த ஐம்பத்தெட்டு நாளில் அந்த அம்மாள் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

மாமியார் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனாள். மருமகள் அங்கேயே துடைப்பம் பிடிக்கச் சேர்ந்துகொண்டாள். சேர்ந்த முதல் வாரத்தில் பின்பக்கப் படிக்கட்டில் யாரையும் கேட்காமல் ஒரு கயிறு கட்டினாள். பெயர் அப்போது வந்தது. இருபத்தேழு வருஷமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கயிற்றைத் தீயணைப்புத் துறைக்காரர்கள் வந்து அறுத்தார்கள். ஆபத்துக்கு ஓட வேண்டிய படியில் பாவாடை தொங்கக் கூடாதாம். நியாயம்தான். பின்முற்றத்து வெயிலை ஜெனரேட்டர் அறை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றிப் பூட்டிவிட்டார்கள். மிஞ்சியது ஜன்னல். நோயாளிக்கு ஆஸ்பத்திரி உடுப்புக் கொடுத்துவிடும். துணைக்கு இருப்பவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? கட்டில் நூற்றிருபது என்றால் துணைக்கு நூற்றிருபது பேர். அவர்களும் வியர்ப்பவர்கள்தானே.

ஆஸ்பத்திரிக்கு அவளைவிட ஏழு வயது கூட. நான்கு மாடி. ஒரு காலத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள் என்பதை ஜன்னல் மூலைகளில் மட்டும் பார்க்கலாம். ஏசி பெட்டிகளுக்குக் கீழே துரு ஒழுகிய கோடுகள். குழாய்களை ஒட்டிப் பச்சைப் பாசி. உள்ளே நல்ல டாக்டர்கள், நல்ல இயந்திரங்கள், துடைத்து வைத்த தரை. தெருவிலிருந்து பார்த்தால் மட்டும், உள்ளே போனவர் திரும்புவாரா என்று யாருக்கும் ஒரு நொடி யோசனை வரும்.

நிர்வாக அதிகாரிக்கு அது தீராத வருத்தம். சுத்தமான மனிதர். பேனா மூடியைக்கூடத் துடைத்துத்தான் சட்டைப் பையில் செருகுவார். புதிதாக ஒரு ஸ்கேன் இயந்திரம் வந்தபோது பத்திரிகையில் ஆஸ்பத்திரியின் படத்தைப் போட்டார்கள். இயந்திரத்தின் படம் அல்ல, கட்டடத்தின் படம். அதில் பதினேழு துணிகள் தொங்கின. நட்டநடுவில், பெயர்ப் பலகைக்கு நேர் மேலே, யாரோ ஒருவரின் சிவப்பு உள்கால்சட்டை. அதிகாரி அந்தப் படத்தைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ரோஷம் மறக்காமலிருக்கச் சிலர் அப்படி வைத்துக்கொள்வார்கள். அந்தச் சிவப்பு இருபதாம் கட்டில்காரருடையது என்று கொடியக்காவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

படத்துக்குப் பிறகு சுற்றறிக்கைகள் வந்தன. மூன்று மாதத்துக்கு ஒன்று. 'ஜன்னல்களில் துணி உலர்த்துவது மருத்துவமனையின் மாண்பைக் குலைக்கும்' என்று ஒன்று. கொடியக்கா அதை வார்டில் வாசித்துக் காட்டினாள். ஒரு நோயாளியின் தங்கை, மாண்பு எத்தனை மணிக்கு வருவார், அதற்குள் எடுத்துவிடுகிறேன் என்றாள். அவள் நிஜமாகத்தான் கேட்டாள்.

பிறகு ஒருவழியாக, கட்டடத்தின் வெளிப்புறத்தைப் புதுப்பிக்க அனுமதி வந்தது. அதோடு ஒரு பெண்ணும் வந்தாள்: முப்பது வயதுக்குள் இருக்கும், தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சுருட்டிய வரைபடம். கட்டடக் கலைஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஊழியர்கள் கட்டடப் பொண்ணு என்றார்கள். நோயாளிகளை வெளியேற்றாமல் வேலை செய்ய வேண்டும் என்பதால் பழைய சுவரை இடிக்கப் போவதில்லை என்று அவள் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினாள். சுவருக்கு இரண்டரை அடி முன்னால், தரையிலிருந்து நான்காம் மாடிவரை, பொத்தல் பொத்தலாகத் துளையிட்ட அலுமினியத் தகடுகளை நிறுத்துவார்கள். வெயில் தகட்டோடு நின்றுவிடும். காற்று மட்டும் உள்ளே வரும்.

"சுருக்கமா சொன்னா, கட்டடத்துக்கு ஒரு சட்டை போடுறோம்" என்றாள்.

"அப்போ அதையும் துவைக்கணுமே" என்றாள் கொடியக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். கட்டடப் பொண்ணு சிரிக்கவில்லை. ஆமாம், அதற்காகத்தான் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில், மாடிக்கு ஒன்றாக, நடந்துபோக ஒரு கம்பித் தளம் போடுகிறோம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். சரியான கேள்வி கேட்டீங்க அக்கா என்றும் சொன்னாள்.

கொடியக்கா கேட்க நினைத்தது அது அல்ல. கூட்டம் கலைந்தபின் ஓரமாகப் போய், ஜன்னல்களில் இனித் துணி போடலாமா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நிர்வாக அதிகாரி முந்திக்கொண்டு, இனி எந்தக் காலத்திலும் இல்லை என்றார். ஜன்னலுக்கு வெளிப்புறம் வலை அடித்துவிடுவார்களாம்.

அப்படியானால் எங்கே போடுவது? பதினோரு மாதம் சாரம் கட்டி, சுவரில் துளைபோட்டு, தூசி பறந்த நாளெல்லாம் அவள் மனசில் ஓடியது அந்த ஒரு கேள்விதான். வலை அடித்த ஜன்னல்களுக்குள்ளே கட்டில் கம்பியில், சலைன் தாங்கியில், சக்கர நாற்காலியின் முதுகில் எல்லாம் துணி ஏறியது. வார்டு முழுக்க ஈர வாடை. பிரசவ வார்டில் ஒரு பெண் குழந்தையின் துணியைத் தன் வயிற்றின் மேல் விரித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தாள். ஏம்மா என்றாள். சூடா இருக்குக்கா, சீக்கிரம் காயும் என்றது அந்தப் பெண். அன்று சாயங்காலம் வேனில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொடியக்கா பேசவில்லை. கணவரும் கேட்கவில்லை. அவளுடைய மௌனத்தில் இரண்டு வகை உண்டு. இது பேச்சுக் கொடுக்கக் கூடாத வகை.

தகடுகள் ஏறி முடிந்தன. தூசி தட்டவும் புறா எச்சம் கழுவவும், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த அந்தச் சந்தைத் துப்புரவுப் பிரிவிடம் ஒப்படைத்தார்கள். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். ஒரே சாவி, நான்கு மாடிக் கதவுக்கும். முதல் நாள் கொடியக்காவே போனாள். ஒரு முனையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஈரத் துணியைப் பிழிந்து, தகட்டைச் சுவரோடு தாங்கிப் பிடித்திருந்த இரும்புக் கை ஒன்றில் மாட்டிவிட்டு, உலர்ந்த துணியால் மீதியைத் துடைத்தாள். திரும்பி வந்து எடுத்தபோது மாட்டிய துணி காய்ந்திருந்தது.

கையில் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தச் சந்தில் காற்று கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தது. துளைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்தது. தகட்டின் அந்தப் பக்கம் தெரு. பேருந்துகள், பழக்கடை, நின்று பார்க்கிற ஜனங்கள். அவளுக்கு அவர்கள் தெரிந்தார்கள். அவர்களுக்கு அவள் தெரியவில்லை.

மறுநாள் ஒரு துண்டு. அதற்கு மறுநாள் நான்கு சட்டை. ஒரு மாதத்துக்குள் அது ஒரு ஒழுங்காகிவிட்டது. இரும்புக் கைகளுக்கு நடுவே கயிறு கட்டினாள். கட்டில் எண் எழுதிய கவ்விகள் போட்டாள். சொட்டச் சொட்டக் கொண்டுவரக் கூடாது. பிழியத் தெரியாதவர்களுக்கு அவளே பிழிந்து காட்டினாள். துணைக்கு இருப்பவர்கள் யாரும் சந்துக்குள் கால் வைக்கக் கூடாது. துணியைக் கதவுவரை கொண்டுவந்து கொடுக்கலாம். தெற்கு மூலையில், வெயில் அதிகம் விழும் இடம், பிரசவ வார்டுக்கு. கோடையின் முதல் வாரம் ஒரு பேன்ட் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. நான்கு மணிக்கெல்லாம் எல்லாத் துணியும் உள்ளே வந்துவிடும். ஐந்துக்கு அவளுடைய வேலை நேரம் முடியும்.

மின்வேலை செய்கிறவர் மட்டும் பார்த்தார். அவர் தளத்தின் ஓரமாக, சுவரோடு ஒட்டிக் கால்மாட்டில், ஆறடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன விளக்குகள் பொருத்திக்கொண்டிருந்தார். கயிறுகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளக்கு மேல சொட்டாம பாத்துக்கக்கா என்று மட்டும் சொன்னார். சந்தில் நடக்கிறவர்களுக்குக் கால் தடுக்காமலிருக்க எவ்வளவு யோசித்து விளக்குப் போடுகிறார்கள் என்று கொடியக்கா மெச்சிக்கொண்டாள். ஒரு சாயங்காலம் அவர் எல்லா விளக்கையும் எரியவிட்டுச் சோதித்துப் பார்த்தபோது துணிகள் உள்ளே போய்விட்டிருந்தன. அவளும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

நான்கு மாதமாக ஜன்னலில் ஒரு துணி இல்லை. வார்டுக்குள்ளும் இல்லை. நிர்வாக அதிகாரி கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, தொடர்ந்து சுற்றறிக்கை அனுப்பியதன் பலனாக மக்களிடம் நல்ல மாற்றம் தெரிகிறது என்று சொன்னார். தேநீர்த் தட்டோடு பின்னால் நின்ற ஊழியர் வந்து அதை அப்படியே சொல்லிக்காட்டினார். கொடியக்கா வீட்டில் சொன்னபோது கணவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திருந்துனது ஜனங்க இல்ல, சந்து" என்றார்.

"வெளிய சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்? என் வேன்ல வர்றவங்கெல்லாம் ஒண்ணாங் கிளாசு."

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். மேலிடத்திலிருந்து பெரிய விருந்தினர் ஒருவர் வருகிறார். மூன்று மணிக்கு வந்து கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஐந்தரைக்கு நாடா வெட்டுவார் என்று நிகழ்ச்சி நிரல். எந்த மூலையிலும், எந்த வாளியிலும், எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு ஈரத் துணிகூடக் கண்ணில் படக் கூடாது என்று நிர்வாக அதிகாரி ஒவ்வொரு பிரிவுக்கும் நேரில் வந்து சொன்னார். கொடியக்காவிடம் இரண்டு முறை சொன்னார். படாது சார் என்று அவளும் இரண்டு முறை சொன்னாள்.

அன்று காலை அவளும் ஒன்பது பேரும் வார்டு வார்டாகப் போய், துவைத்தது, துவைக்க ஊறவைத்தது, குளியலறைக் குழாயில் தொங்கியது எல்லாவற்றையும் திரட்டினார்கள். விருந்தினர் எங்கே வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். சந்தை மட்டும் பார்க்கப் போவதில்லை. வழக்கமாக மூன்றாம் மாடியோடு நிற்கிற துணி அன்று நான்கு மாடிச் சந்திலும் முனையிலிருந்து முனைவரை தொங்கியது. கடைசிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டபோது அவளுக்கு வயிறாரச் சாப்பிட்டது போல இருந்தது.

நான்கு மணிக்கு எடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் இரண்டரைக்கே ஊழியர்கள் எல்லோரையும் புது உடுப்பில் முன்வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். விருந்தினர் வந்தது ஆறு மணிக்கு. சுற்றிப் பார்க்க நேரமில்லை, நேராக நாடாவுக்குப் போய்விடலாம் என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். நிர்வாக அதிகாரியின் முகம் கொஞ்சம் வாடியது. கொடியக்காவுக்கும் பாவமாக இருந்தது. அந்தத் தரைக்கு அவள் மூன்று நாள் உழைத்திருந்தாள்.

நாடா வெட்டினார்கள். மசங்கிய நேரம். தெருவில் நல்ல கூட்டம். துணைக்கு இருப்பவர்களும் இறங்கி வந்து நின்றார்கள். ஒரு மேசையில் பொத்தான் ஒன்று வைத்திருந்தது. விருந்தினர் அதை அழுத்தினார்.

நான்கு மாடித் தகடுகளும் உள்ளிருந்து வெளிச்சமாயின. பொத்தல்கள் எல்லாம் சுடர்விட்டன. முகப்பு முழுவதும் ஒரு பெரிய விளக்குக் கூண்டு போல நின்றது. அந்த வெளிச்சத்தின் நடுவில், கறுப்பாக, ஆளைவிடப் பெரிதாக, துணிகள் ஆடின. கால்மாட்டு விளக்கு எல்லா நிழலையும் ஊதிப் பெரிதாக்கியிருந்தது. ஒரு நைட்டி ஒரு மாடி உயரத்துக்குக் கைவிரித்து நின்றது. ஒரு பேன்ட் காற்றில் நடந்துகொண்டேயிருந்தது. தெற்கு மூலையில் குழந்தைச் சட்டைகள் ஒவ்வொன்றும் கதவு அகலம். அப்போதுதான் கொடியக்காவுக்கு விளங்கியது, அந்த விளக்குகள் சந்தில் நடக்கிறவர்களுக்காகப் போட்டவை அல்ல.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பிறகு எலும்பு வார்டில் கணவருக்குத் துணையாக நாற்பது நாளாக இருக்கும் பெண், பக்கத்தில் நின்றவளிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது எங்க வீட்டுக்காரர் பேன்ட். ஒரு கால நாந்தான் வெட்டி விட்டேன், மாவுக்கட்டுக்காக."

எல்லோரும் பார்த்தார்கள். நடந்துகொண்டிருந்த பேன்ட்டுக்கு ஒரு கால் முழங்காலோடு நின்றிருந்தது. சிரிப்பு அங்கே தொடங்கி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விருந்தினர் நிர்வாக அதிகாரியைக் கேட்டது முன்வரிசைக்குக் கேட்டது. அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்தார். விருந்தினர் போட்ட விளக்கை அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

கொடியக்கா வரிசையிலிருந்து நழுவினாள். எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. பின்படி ஏறி, நான்காம் மாடிக் கதவைத் திறந்து, ஒரு முனையிலிருந்து உருவத் தொடங்கினாள். அவசரம் என்றாலும் கை பழக்கத்தை விடவில்லை. எடு, இரண்டு உதறல், மடி, தோளில் போடு. நான்கு மாடியையும் முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. இறங்கி வரும்போது படியடியில் கட்டடப் பொண்ணு நின்றிருந்தாள். கோபமாக இருப்பாள் என்று கொடியக்கா தயங்கினாள். அந்தப் பெண் அவளுடைய தோளில் கிடந்த துணிக் குவியலைப் பார்த்துவிட்டு, அந்த இரும்புக் கை ஒவ்வொண்ணும் எம்பது கிலோ தாங்கும்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலுக்கு எதிரே வேன் நின்றது. ஏறி உட்கார்ந்ததும் கணவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"என்ன, நேரமாயிடுச்சு?"

"கொஞ்சம் துணி இருந்துச்சு."

"எத்தன?"

"நாப்பது அம்பது இருக்கும்."

"நூத்தி மூணு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எப்ப எண்ணுனீங்க?"

"ரோட்டுல நின்ன எல்லாருமே எண்ணுனோம். ஒவ்வொண்ணா நீதானே எடுத்துக் காட்டுன." அவர் ஸ்டியரிங்கில் தாளம் தட்டினார். "மொதல்ல யாருன்னு தெரியல. மாடிக்கு மேல வளந்த ஒரு பொம்பள அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றா. ஒரு துண்ட எடுத்தா. ரெண்டு ஒதறு ஒதறுனா. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதா?"

கொடியக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நிர்வாக அதிகாரியும் விருந்தினரும் அதுவரை நின்று பார்த்தார்களா என்று விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டாள். விருந்தினர் குழந்தைச் சட்டைகள் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார் என்றார் கணவர். அதிகாரி எப்போது போனார் என்று கவனிக்கவில்லை. பாதி வழியில் மகளிடமிருந்து கைபேசியில் அழைப்பு வந்தது. யாரோ எடுத்த படம் அதற்குள் அவளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அம்மா நீ குண்டாத் தெரியுற என்றாள். விளக்கு கீழேயிருந்து அடித்தால் யாரானாலும் அப்படித்தான் என்றாள் கொடியக்கா. சொன்னபிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீடு வந்து வேனை நிறுத்தும்போது சிரிப்பு அடங்கியிருந்தது. "சாவிய வாங்கிடுவாரு" என்றாள். "வேற யாராவது கழுவட்டும், அது பரவால்ல. துணிய எங்க போடுவாங்க?"

கணவர் இந்த முறை எதிர்க்கேள்வி போடவில்லை. "கேட்டா குடுத்துடு. கேக்கலன்னா நீயா நீட்டாத" என்றார்.

மறுநாள் காலை மழை. ஒன்பதரைக்கு நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். ஸ்கூட்டரில் நனைந்து வந்திருந்தார். மழைக்கோட்டு நாற்காலி முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. கொடியக்கா உள்ளே போனதும், கை நிற்காமல், அதை எடுத்து மின்விசிறிக்குக் கீழே இருந்த கொக்கிக்கு மாற்றினாள். அதிகாரி அதைப் பார்த்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பதினேழு துணிப் படம் இன்னும் இருந்தது.

"எத்தன மாசமா?" என்றார்.

"நாலு மாசம் சார்."

"நாலு மாசம்." அவர் பேனாவைத் திறந்து, துடைத்து, மூடினார். "சர்க்குலர் வேல செஞ்சுதுன்னு கமிட்டியில எந்திரிச்சுச் சொன்னேன்."

"செஞ்சுது சார். அது வந்ததாலதானே உள்ள எடுத்துட்டுப் போனோம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளா என்று தேடுகிற பார்வை. அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. நேற்று விருந்தினர் கேட்டதற்குத் தான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டார். அவள் யோசித்தாள். நம்ம ஆளுங்கதான்னு சொல்லியிருக்கலாம் சார் என்றாள். அதிகாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலைக்கு அப்பால் சந்து; காலியான கயிறு மழைக்காற்றில் லேசாக ஆடியது. சுவரும் தகடும் ஈரத்தில் பாழாகாதா என்று கேட்டார். ஒரு கை எண்பது கிலோ தாங்குமாம், சொட்டவிடாமல் பிழிந்துதான் போடுகிறோம், விளக்கு மேல் ஒரு துளி விழுந்ததில்லை, மின்வேலைக்காரரைக் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

"சாவி" என்றார்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை.

"காலையில கணக்கெடுத்தேன் சார். இருபத்தாறு பேரு தொவச்சு வச்சிருக்காங்க. அதுல ஒம்பது பிரசவ வார்டு. மழை வேற. எங்க போடச் சொல்ல?"

அதிகாரி சாவியைப் பார்த்தார். பிறகு மேசைத் தொலைபேசியை எடுத்து மின்வேலைக்காரரை அழைத்தார். முகப்பு விளக்கு எத்தனை மணிக்கு எரிகிற மாதிரி வைத்திருக்கிறது என்று கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் அறைக்கே கேட்டது: ஆறரைக்கு, தானா எரிஞ்சு பத்துக்கு அணைஞ்சுடும் சார். சரி என்று வைத்தார்.

"எத்தன மணிக்கு எடுத்துருவீங்க?"

"நாலு மணிக்கு சார். மழை நாள்ல அஞ்சு."

அவர் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, கமிட்டிக் கோப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். பேனா சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். சாவி மேசையிலேயே கிடந்தது.

"அப்போ சாவி சார்?"

அவர் கதவைத் திறந்துகொண்டு நடைவழியில் இறங்கிப் போனார்.